கழுவாத கடல்மண்

என் அருமைத் தடியா, குமரா,

உன் கடைசிப் பொம்மையைக் கெடுத்துவிட்டேன். கோபப்படாதே. அந்தச் சுண்டுவிரல் உயரச் சிப்பாய்தான்; சாயமெல்லாம் பூசி முடித்து, காலடித் தட்டில் மண் மட்டும் ஒட்டாமல் விட்டுப்போனாயே, அவன். சனிக்கிழமை உங்கள் பொம்மைக் குழுவின் கண்காட்சியில் உன் பெயரில் வைக்கப் போகிறார்கள். உன் கூட்டாளி நசீர் கேட்டபோது, "அடித்தட்டை நானே முடிச்சுத் தரேன்" என்று வீராப்பாய்ச் சொல்லிவிட்டேன்.

நீ மண் சலிப்பதை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்! அம்மாவின் டீ வடிகட்டியில்தானே சலிப்பாய்? "டீயெல்லாம் நறநறங்குது. எங்க வாயில மண்ணள்ளிப் போடவே பொறந்தியாடா?" என்று அம்மா கத்துவார், நீ சிரிப்பாய். உன் உடலைத் தூக்கிய அன்றும் அதையே சொல்லித்தான் அழுதார்.

நான் எடுத்தது எந்த மண் தெரியுமா? சாங்கிக் கடலில் படகில் போய் உன் அஸ்தியைக் கரைத்துவிட்டுக் கரையேறியபோது என் செருப்பிலும் புடவை ஓரத்திலும் ஒட்டி வந்தது. "கால் கழுவிட்டு உள்ள வா" என்று பெரியம்மா வாளியோடு வாசலில் நின்றார். நான் முதலில் மண்ணைப் பழைய நாளிதழில் தட்டி மடித்துக்கொண்டேன். இரண்டு தேக்கரண்டிகூடத் தேறவில்லை.

அதில் பாதியைச் சலித்து, பசை தடவி ஒட்டி, பழுப்புச் சாயம் பூசினேன். மூன்றாம் நாள் சாயத்துக்கு மேலே வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துவிட்டது.

நசீர் வந்து பார்த்தான். "அக்கா, கழுவலையா? உப்பு லா இது. கடல்மண்ண நாலு தண்ணி கழுவணும். இதுக்குத்தான் அவன் எங்கள அந்தத் திட்டு திட்டுவான்."

"தெரியும் தம்பி" என்றேன். தெரியும்தான். குழாயைத் திறந்தேன், கை வரவில்லை. அதில் எது மண், எது நீ என்று யாரடா எனக்குச் சொல்வது? உன்னை எப்படிச் சாக்கடையில் விடுவேன்?

நசீர் அடித்தட்டைச் சுரண்டி, உதிர்ந்ததையும் தாளில் மடித்துக் கொடுத்துவிட்டு, "மிச்ச மண்ணு இருக்கா அக்கா?" என்று மட்டும் கேட்டான். இருக்கிறது, ஒரு தேக்கரண்டி போல.

நாளை அதைக் கழுவுகிறேன், குமரா. நாலு தண்ணீர். ஒரு சொட்டும் கீழே விடாமல் பாட்டிலில் பிடித்து, சுரண்டியதையும் சேர்த்து, கடலுக்கே கொண்டுபோய் ஊற்றுவேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார். அன்று படகில் எல்லோரும் ஏதேதோ சொன்னார்கள். எனக்கு மட்டும் வாயே திறக்கவில்லை. நாளை "போயிட்டு வாடா" என்று சத்தமாகச் சொல்லிவிடுவேன்.

உன் ஒரே அக்கா,
செல்வி
பிடோக்