வலது பக்கம் மங்குகிற லைட்

ஜூன் 2, திங்கள்

என் கை லைட் இன்றைக்கும் மக்கர் செய்தது. டம்ப்பர் சேஸிஸின் இடது பக்கம் பார்க்கும்போது பளிச்சென்று எரிகிறது. அதே லைட்டை எடுத்துக்கொண்டு வலது பக்கம் போனால் மங்கிவிடுகிறது. சார்ஜ் காட்டும் நாலு புள்ளியும் பச்சைதான். பிரதட்சணம் மாதிரி மூன்று தரம் சுற்றி வந்து பார்த்தேன். இடது பக்கம் நல்ல லைட், வலது பக்கம் கெட்ட லைட். இது என்ன கூத்து?

டம்ப்பர் செய்கிற இந்த ஃபாக்டரியில் வெல்டிங் சரியா என்று பார்ப்பது என் வேலை. சேஸிஸுக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் விரிசல் உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் என் 17ஆம் நம்பர் ஸ்டாம்ப்பை அடிப்பேன். அப்புறம் பெயின்ட் ஏறிவிடும், யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள். அறுபது டன் ஏற்றிக்கொண்டு எந்தச் சுரங்கத்திலோ ஓடப்போகிற வண்டி. இருபத்தாறு வருஷத்தில் 17 அடித்த சேஸிஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

ஜூன் 3

லைட்டின் முகப்புக் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் இருக்குமோ என்று துணியால் துடைத்தேன். காந்த அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த இரும்புத் தூளையும் எடுத்தேன். வலது பக்கம் போனேன். மங்கல்.

ஜூன் 5, வியாழன்

டூல் ரூம் டென்சிலிடம் காட்டினேன். போட்டு அணைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா மேன், நல்லாத்தானே கீது" என்றார். எப்படி சார்ஜ் போடுகிறேன் என்று கேட்டார். ஷிப்ட் முடிந்ததும் போடுவேன், காலையில்தான் எடுப்பேன், ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சார்ஜிலேயே இருக்கும் என்றேன். ரெண்டு வருஷமாகவா என்றார். ஆமாம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது உங்கப்பா காலத்து கேப் லேம்ப் இல்ல மேன். லித்தியம். எப்பவும் ஃபுல்லா வெச்சினே இருந்தா சீக்கிரம் செத்துடும்."

அப்பா மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்தில் லேம்ப் ரூமில் இருந்தவர். சுரங்கத்திலிருந்து கேஜில் மேலே வந்த ஆள், தன் டோக்கனைத் திரும்ப வாங்கும் முன்னால் தொப்பி லேம்ப்பைக் கழற்றி ரேக்கில் மாட்டி சார்ஜில் போட்டாக வேண்டும். அந்த பேட்டரியை அரை வயிறாக விட்டால்தான் கெட்டுப்போகும். எங்கள் வீட்டில் வளர்ந்தவனுக்கு லைட்டைச் சார்ஜில் போடாமல் வீட்டுக்கு வரக் கால் வராது. அந்தப் பழக்கத்தையே இதற்கும் செய்து பேட்டரியைக் கொன்றிருக்கிறேன்.

புது பேட்டரி போட்டுக் கொடுத்தார். நிறைந்ததும் கழற்று, லீவ் நாளில் பாதி சார்ஜில் வை, வெல்டிங் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்காதே என்று மூன்று கட்டளை. தப்பு என் பேரில்தான் என்றாலும் மனசு லேசானது. காரணம் கிடைத்துவிட்டதே.

ஜூன் 6

புது பேட்டரி. வலது பக்கம் மங்கல்.

ஜூன் 9, திங்கள்

ஞாயிறெல்லாம் யோசித்தேன். இடது பக்கம் படுக்கும்போது லைட்டை வலது கையில் பிடிக்கிறேன், வலது பக்கம் படுக்கும்போது இடது கையில். லைட்டின் தலை அப்போது வேறு பக்கம் மடங்குகிறது. உள்ளே ஒயர் லூஸாக இருந்தால்?

சாப்பாட்டு நேரத்தில் திறந்தேன். பேட்டரி தொடும் தகடுகளை ரப்பரால் தேய்த்தேன். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன். சார்ஜ் துளையில் இருந்த தூசியைப் பல்குச்சியால் எடுத்து, அதன் ரப்பர் மூடியை அழுத்தி மூடினேன். பிறகு தலையை மடக்கினேன், நிமிர்த்தினேன், உலுக்கினேன், தலைகீழாகப் பிடித்தேன். வெளிச்சம் கொஞ்சமும் அசையவில்லை.

வலது பக்கம் போனேன்.

எனக்கு ஒண்ணும் புரியல. லைட்ட நான் எப்படித் திருப்பினாலும் மாறல, நான் இடம் மாறினா மாறுது. அது எந்தப் பக்கம்னு லைட்டுக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 11, புதன்

இன்றைக்கு நான் செய்தது சரியில்லை. எழுதி வைக்கிறேன்.

நிக்கோலும் என்னை மாதிரி இன்ஸ்பெக்டர். பதினோரு வருஷமாகப் பக்கத்து மேஜை. தினம் ஒன்றாகத்தான் டீ குடிப்போம். அவளிடமும் இதே மாடல் லைட். அதை வாங்கிக்கொண்டு வலது பக்கம் போனேன், மங்கல். என் லைட்டை அவளிடம் கொடுத்து அதே இணைப்பைப் பார்க்கச் சொன்னேன். "பளிச்சுனு கீதுண்ணா" என்றாள்.

புத்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. டென்சில் முன்னாலேயே, "புது பேட்டரி லைட்ட நீ எடுத்துக்கினு பழச என்கிட்ட தள்ளிட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "அண்ணா, ஸ்டிக்கர பாருங்க. உங்க நம்பர் லைட்டத்தான் இப்ப நீங்க எனக்கு குடுத்தீங்க" என்றாள். அதைத் திருப்பி என் மேஜையில் வைத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போனாள். ஸ்டிக்கர் சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 12

தனியாக டீ.

ஜூன் 16, திங்கள்

வலது பக்கம் சரியாகத் தெரியாத இடத்தில் நகத்தால் தடவிப் பார்க்கிறேன். விரிசல் இருந்தால் நகத்தில் தட்டும். இன்றைக்கு எதுவும் தட்டவில்லை, ஸ்டாம்ப் அடித்தேன். போன வாரமும் இப்படித்தான். தப்பா? இத்தனை வருஷத்துக் கைக்குத் தெரியாதா? சூப்பர்வைசர் முனிரத்தினத்திடம் புது லைட் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வரும் வரைக்கும் வேலை நிற்குமா என்ன?

ஜூன் 19, வியாழன்

காலையில் முகம் கழுவும்போது வலது கண்ணில் சோப்பு போய்விட்டது. அந்தக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு துண்டைத் தேடினேன். குளியலறை டியூப் லைட் அழுக்குத் தண்ணீருக்குள் எரிகிற மாதிரி இருந்தது.

"நளினி, கரன்ட் லோவா வருதா?"

"இல்லியே, மிக்ஸி நல்லாத்தானே ஓடுது" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

கண்ணைக் கழுவித் திறந்தேன். டியூப் லைட் நன்றாக எரிந்தது. மறுபடி வலது கண்ணை மூடினேன். அழுக்குத் தண்ணீர். திறந்தேன். மூடினேன். எத்தனை தரம் என்று தெரியாது. நளினி வந்து கதவைத் தட்டி, "உள்ள இன்னா பண்றீங்க, பஸ் போயிடும்" என்றாள்.

ஷிப்டில் ஒரு சேஸிஸுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இணைப்பு இருக்கிற மூலை ரொம்ப இடுக்கு. இடது பக்கம் படுத்தால் இடது கன்னம் பிளேட்டில் அழுந்தி அந்தக் கண் மூடிவிடுகிறது, வலது கண்ணால்தான் பார்க்கிறேன். வலது பக்கம் படுத்தால் பார்ப்பது இடது கண். இவ்வளவுதான் விஷயம்.

வெளிச்சம் குறைந்தது என்று யாராவது லேம்ப் ரூம் ஜன்னலுக்கு வந்தால் அப்பா லேம்ப்பைத்தான் வாங்கிப் பார்ப்பார், வந்த ஆளின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். நானும் இத்தனை நாளாக அதையே செய்திருக்கிறேன்.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பாதி ஷிப்டில் வந்துவிட்டேன்.

ஜூன் 20

யாரிடமும் சொல்லவில்லை. லீவ் போட்டேன்.

சொன்னால் ஸ்டாம்ப் போகும். ஒரு கண்ணால் பார்ப்பவனுக்கு யார் ஸ்டாம்ப் கொடுப்பார்கள்? ஆபரேஷன் செய்துகொண்டு சத்தமில்லாமல் திரும்பி வந்தால்? ஆனால் ஏற்கெனவே அடித்தது? அத என்ன பண்றது? எல்லாம் நல்லாவே இருக்கலாம். நகத்துல தட்டலியே. தட்டலன்னா இல்லன்னு அர்த்தமா?

ஜூன் 21, சனி

நளினியிடம் சொன்னேன். கோலார் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இடது கண்ணில் புரை. டாக்டர் சின்ன வயதுக்காரி. "சார், இது இன்னிக்கி நேத்து வந்தது இல்ல. மெதுவா வந்திருக்கும். ரெண்டு கண்ணும் திறந்திருந்தா நல்ல கண்ணு சமாளிச்சிக்கும், உங்களுக்குத் தெரியாது" என்றாள். ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்கிறாள்.

திரும்பும்போது நளினியிடம் மற்றதையும் சொன்னேன், நகத்தால் தடவி ஸ்டாம்ப் அடித்ததை. பங்காருபேட்டை வந்தது. பிறகு, "அந்த வண்டி ஓட்டறவனுக்கும் ஊட்ல ஆளு இருக்கும் இல்ல?" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். லைட் மங்குகிறது என்று முதலில் எழுதியிருப்பது மே 14. அன்றிலிருந்து நான் ஸ்டாம்ப் அடித்தவை ஒன்பது. நம்பர்களை ஒரு தாளில் எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. இன்னொரு தாள் எடுத்து எழுதினேன்.

ஜூன் 23, திங்கள்

முனிரத்தினத்திடம் தாளையும் ஸ்டாம்ப்பையும் கொடுத்தேன். தாளை இரண்டு தரம் படித்தார். "யோவ், இதுல ஒண்ணு நாளைக்கி டிரெய்லர் ஏறுது" என்றார். அதனால்தான் இன்றைக்கே கொண்டு வந்தேன் என்றேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. திரும்பி வந்து, எல்லாவற்றையும் நிக்கோல் மறுபடி பார்க்கட்டும் என்றார். என் ஸ்டாம்ப்பை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

நிக்கோலிடம் போனேன். "அந்த லைட் விஷயம்... உன்னப் போயி அப்படிக் கேட்டுட்டேன். மன்னிச்சிடும்மா. கோளாறு என் கண்ணுல."

வாய்க்கு வந்ததைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

ஜூன் 24

டிரெய்லர் ஏறவிருந்ததை நிக்கோல் முதலில் பார்த்தாள். இரண்டு பக்கமும் பெயின்ட்டைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. சுத்தமாக இருந்தது. அடுத்ததும் சுத்தம். மூன்றாவதும். யார்டில் ஒருவன் என் காதுபட, "சும்மா இல்லாம வேல வெச்சிட்டாரு" என்றான். எனக்கே அப்படித்தான் தோன்றியது. வீணாக நானே ஸ்டாம்ப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டேனோ?

ஜூன் 25, புதன்

நாலாவது, இன்னும் பெயின்ட் ஏறாதது. நிக்கோல் வலது பக்கம் அடியில் படுத்திருந்தாள். நான் வெளியிலிருந்து லைட் பிடித்தேன்.

"ஸ்வல்ப மேல தூக்குங்கண்ணா. இன்னும். அங்கியே."

பிறகு நகத்தால் சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் வெளியே வந்து என் கையிலிருந்து லைட்டை வாங்கிக்கொண்டாள். "நீங்களே பாருங்க" என்றாள்.

படுத்தேன். இடது கண்ணுக்கு வெறும் சாம்பல் நிறம்தான். கழுத்தை ஒடித்துத் திரும்பி வலது கண்ணைக் கொண்டுபோனேன். மயிரிழையாக ஒரு விரிசல், என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. அதற்கு ரெண்டு அங்குலம் தள்ளி 17, நேராக, அழுத்தமாக அடித்திருந்தது.

"வண்டி இங்கதானே நிக்கிது, எங்கியும் போவலியே" என்றாள் நிக்கோல். "எழுந்து வாங்கண்ணா."

எழுந்து வரக் கொஞ்ச நேரம் ஆனது. அதுவரை அவள் லைட்டை அணைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.