தங்கம்மையின் பல்செட்

செவ்வாய்க்கிழமை, இரவு.

அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கொடுத்த பல்செட்டை முதியவர்கள் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க இன்று காரோடு கிராமத்தில் வீடு வீடாக ஏறினேன். கடைசி வீடு தங்கம்மையுடையது. வாய் நிறையப் பல்லோடு சிரித்தார்.

"நல்லா இருக்கு மக்கா. வேதன ஒண்ணும் இல்ல."

‘பயன்படுத்துகிறார்’ என்று குறித்துக்கொண்டு எழுந்தேன். வாசலில் மருமகள் குரலைத் தணித்தாள். "நீங்க வாறியண்ணு கேட்டு இப்பந்தான் மாட்டுனாவ ஆக்கும். வேதன தாங்காம அது பெட்டியிலதான் கெடக்கும்."

திரும்பிப் போய்ப் பல்லைக் கழற்றச் சொன்னேன். கீழ் ஈறில் ஒரு புண். ஓரம் தடித்து, தொட்டால் கெட்டியாக இருந்தது. ஓணத்துக்கு முன்பிருந்தே, இரண்டு மாதத்துக்கு மேலாக ஆறவில்லையாம். இத்தனை வருடமாகப் பல் மருத்துவராக இருக்கும் எனக்கு அது செட் உரசியதால் மட்டும் வந்த புண்ணாகத் தெரியவில்லை.

தங்கம்மை என் கையைப் பிடித்துக்கொண்டார். "பல்லத் திருப்பி வாங்கிருவியளா மக்கா? பேத்திக்க கல்யாணம் உண்டு. போட்டோவுல பொக்கவாயோட நிக்க முடியுமா?"

"வாங்க மாட்டோம் அம்மா. உரசுற இடத்தை ராவித் தருவோம். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று சொல்லி, செட்டை நானே எடுத்து வந்துவிட்டேன். புண்ணில் கொஞ்சம் வெட்டி, புற்றா என்று பரிசோதிக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார் என்று பயம். மருமகளிடமாவது சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

செட் என் மேசையில் கிண்ணத்துத் தண்ணீரில் கிடக்கிறது. பல்லை வாங்கவாவது நாளைக்கு வருவார். வந்து உட்கார்ந்த பிறகு, புண்ணை வெட்டி எடுக்க என்ன சொல்லி அவரை வாயைத் திறக்க வைப்பது?