ஆர்னி மூக்கில் உட்கார்ந்த ஈ

மார்ச் 4

கோல்பி காலையிலேயே என் அறைக்கு வந்து நின்றான். கையில் வழக்கமான பச்சைச் சாறு. எங்கள் ஸ்டூடியோவில் வீட்டில் போட்டுப் பார்க்கும் வட்டுகளுக்கெல்லாம் இப்போது அவன்தான் தலைவன். நான் இங்கே பழைய படங்களைத் துடைத்துத் தைத்துச் சீரமைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில் அவனுக்குப் பால் பல் விழுந்திருக்காது.

"வில்மா! நம்ம பழைய பட்டாளக் காமெடி 'கர்னல் வருகிறார், பொத்தான் போடு'. மே கடைசியில, வீரர் நினைவு நாளுக்கு வெளியிடுறோம். நேத்து எடுத்த படம் மாதிரி பளிச்சுனு இருக்கணும்."

நேற்று எடுத்த மாதிரி வேண்டுமென்றால் நேற்றே எடுத்திருக்கலாமே, ஐயா.

"படத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"முன்னோட்டம் பார்த்தேன். அது ஏன் கறுப்பு வெள்ளையா இருக்கு?"

தெய்வமே. இவன் எந்தப் படத்தையும் முடிவுவரை பார்த்ததில்லை என்று ஊருக்கே தெரியும். முதல் பத்து நிமிடம் பார்ப்பான், அப்புறம் கைபேசி. ஆனால் எதை வெளியிட வேண்டும் என்பதை முடிவு செய்வது அவன்.

மார்ச் 8

ஆர்னி கப்லிட்ஸைப் போய்ப் பார்த்தேன். படத்தில் நடித்தவர்களில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். பழைய சினிமாக்காரர்களுக்கான இல்லத்தில் இருக்கிறார். தொண்ணூறு தாண்டியாயிற்று. உடம்பு ஒரு கைப்பிடி, வாய் மட்டும் ஒரு பட்டாளம்.

அவர் வருவது ஒரே காட்சியில். பாலைவன முகாம். வரிசையாகச் சிப்பாய்கள். கர்னல் ஆர்னியின் முகத்துக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு ஒழுங்கைப் பற்றிக் கத்துகிறார். அப்போது ஓர் ஈ வந்து ஆர்னியின் மூக்கில் உட்காருகிறது. அசையக் கூடாது. கண் மட்டும் மூக்கை நோக்கிக் குவிகிறது. ஈ நடக்கிறது, பறக்கிறது, கர்னலின் மீசையில் போய் உட்காருகிறது. வரிசை முழுவதும் அத்தனை கண்களும் ஈயோடு போகின்றன. நான் எத்தனை முறை பார்த்தாலும் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

"அதை யோசிச்சு எடுத்ததா நினைச்சியா?" என்றார் ஆர்னி. "குதிரை லாயத்திலேருந்து வந்த நிஜ ஈம்மா அது. நான் தினக்கூலி. கையைத் தூக்கி விரட்டினா மறுநாள் எனக்குப் பதிலா வேற எவனாவது நிப்பான். பயத்துல நின்னேன். டைரக்டர் 'ஓடட்டும், ஓடட்டும்'னு கேமராவை நிறுத்தவே இல்ல."

அவர் பெயர் படத்தில் பெயர் போடும் எழுத்துகளில் எங்கும் இல்லை. அதன் பிறகு வாழ்நாள் முழுக்க மெத்தைக் கடையில் விற்பனை. அதுதான் இப்போது அவர் பிரச்சினை. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காரும் முன்னாள் நடனக்காரி ஒருத்தி நம்ப மாட்டேன் என்கிறாளாம். "பேர் இல்லாத நடிகரே, ஜெல்லியை இப்படித் தள்ளுங்க"ன்னு தினம் கிண்டல்.

"கண்ணு போயிட்டே இருக்கு வில்மா. அவ வாயை அடைச்சுட்டு மூடிக்கிறேன். என் மூஞ்சி தெளிவாத் தெரியுற மாதிரி பண்ணிக் குடு."

பண்ணித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 12

மூல நெகட்டிவிலிருந்து நகல் எடுத்து முடித்தாயிற்று. அற்புதம். ஆர்னியின் மூக்கில் வேர்வைத் துளிகூடத் தெரிகிறது.

மார்ச் 22

கோபத்துல எழுதுறேன். எழுத்து கோணலா வருது. போகட்டும்.

தூசி துடைக்கும் வேலையை கோல்பி என்னிடம் சொல்லாமல் வெளியே ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டான். "நீங்க கையால துடைச்சா கிறிஸ்துமஸ் வந்துடும், வில்மா." அவர்கள் மென்பொருளை உச்சத்துக்குத் திருப்பி, முழுப் படத்தையும் அதற்குள் தள்ளி எடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்ததைப் போட்டுப் பார்த்தேன். கர்னல் மெழுகு பொம்மை. பாலைவனத்தில் மணல் இல்லை, மாவு. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

ஈயைக் காணோம்.

ஈ-யை-க் கா-ணோம்! சின்னதாக, கறுப்பாக, இடம் மாறிக்கொண்டே இருக்கிறதல்லவா? மென்பொருள் தூசி என்று தின்றுவிட்டது. அதோடு விட்டதா? ஈ அசையாமல் உட்கார்ந்த இடங்களில் மென்பொருள் விட்டுவைத்ததை, எவனோ ஒரு மகராசன் கறை என்று நினைத்துப் பொறுமையாகக் கையாலேயே துடைத்திருக்கிறான். சிரித்திருக்கவே மாட்டானா அவன்? எல்லாரும் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு தடவையாவது யோசிக்க வேண்டாமா?

இப்போது ஆர்னி காரணமே இல்லாமல் மாறுகண் போட்டுக்கொண்டு நிற்கிறார். வலிப்பு வந்தவர் மாதிரி.

மார்ச் 25

கோல்பியிடம் சொன்னேன்.

"தூசியை எடுத்தா நல்லதுதானே?"

"அது தூசி இல்ல, கோல்பி. ஈ."

"ஈ மட்டும் நல்லதா?"

எங்கள் தொழிலில் ஒரே ஒரு விதிதான். படம் பிடித்த அன்று அங்கே இருந்ததெல்லாம் படம். அப்புறம் ஒட்டியதெல்லாம் அழுக்கு. அதைச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினான். பிறகு, "வட்டு அச்சுக்குப் போயாச்சு. உங்களைத் தவிர யாரு கவனிக்கப் போறாங்க?" என்றான்.

நல்லா இருப்பே.

ஏப்ரல் 17

உறையோடு வைக்கும் சிறு புத்தகத்துக்குக் கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர் பேராசிரியர் டெஸ்மண்ட் ஆல்வே. படத்தைப் புதிய வடிவத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தாராம். மூன்று பக்கம் ஈயில்லாத காட்சியைப் பற்றி. "இராணுவம் என்பது இல்லாத எதிரியைக் கண்டு மிரளும் நிலை என்பதை, பெயர் தெரியாத அந்த நடிகர் வெறுமையை உற்று நோக்கியே உணர்த்திவிடுகிறார்."

வெறுமையாம். அடப்பாவி. அது லாயத்து ஈ!

கோல்பிக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களா? ஈ இல்லாமதான் ஆழமா இருக்கு." வெளியீட்டு விழாவுக்கு ஆர்னியை மேடையில் ஏற்றப் போகிறானாம். அவரிடம் முன்னாடியே சொல்லிடணும். எப்படிச் சொல்லுறது? என்னன்னு சொல்லுறது?

ஏப்ரல் 20

சொல்லவில்லை. போனேன், அவர் விழாவுக்கு மாட்டிக்கொள்ளப் போகும் கோட்டைக் காட்டினார். நடனக்காரியையும் பேருந்தில் கூட்டிக்கொண்டு வருகிறாராம். ஜெல்லி தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மே 24

விழா. அரங்கம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் ஆர்னி, பக்கத்தில் நடனக்காரி, அந்தப் பக்கம் ஆல்வே. நான் பின்னால் நின்றேன், உட்காரப் பிடிக்கவில்லை.

காட்சி வந்தது. கர்னல் கத்துகிறார். ஆர்னியின் கண் குவிகிறது. அரங்கில் ஒரு சிரிப்பு இல்லை. ஆல்வே மட்டும் ஆழமாகத் தலையசைத்தார். நடனக்காரி குனிந்து ஆர்னியிடம், "என்னய்யா, அன்னைக்கு உடம்பு சரியில்லையா?" என்றது எனக்கே கேட்டது.

ஆர்னி கைத்தடியை ஊன்றி எழுந்தார். திரையைப் பார்த்து ஒரே கத்தல்:

"டேய்! என் ஈ எங்கடா?"

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. பிறகு அரங்கமே வெடித்தது. படம் ஓடிக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்கு நடந்ததை எல்லாம் சொல்கிறார். லாயம், தினக்கூலி, பயம், மீசை. இல்லாத ஈயை விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார். இப்ப மூக்கு, இப்ப மீசை, இப்ப தொப்பி! ஜனங்கள் திரையையும் அவர் விரலையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆல்வே தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். வெளியே வந்தபோது ஆர்னி மட்டும் சிரிக்கவில்லை. "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "சொல்லியிருக்கலாம்மா" என்றார். அவ்வளவுதான். பேருந்தில் ஏறிவிட்டார்.

மே 28

அரங்கில் யாரோ எடுத்த காணொளி ஊரெல்லாம் ஓடுகிறது. கோல்பி சாறு இல்லாமல் ஓடி வந்தான்.

"வில்மா, ஈயைத் திரும்பக் கொண்டு வர முடியுமா?"

"முடியும்."

"புதுப் பதிப்பு! 'அசல் ஈயுடன்'! நவம்பர்ல, முன்னாள் வீரர் நாளுக்கு. எனக்கு முதல்லேருந்தே அந்த ஈ மேல ஒரு இது உண்டு."

இவனை என்ன செய்ய? ஒத்துக்கொண்டேன். ஒரு நிபந்தனையோடு: முழுப் படத்தையும் நானே, என் கையால்.

ஆகஸ்ட் 30

ஈ வந்தாச்சு. காலைக்கூடத் தேய்த்துக்கொள்கிறது.

செப்டம்பர் 19

புதிய உறையின் மாதிரி. நடுவில் ஈ, தட்டு அளவுக்கு. கீழே, 'தொகுப்பாக்கத் தலைவர்: கோல்பி'. ஆல்வே புதுக் கட்டுரை எழுதியிருக்கிறார், ஈயின் இருப்பைப் பற்றி. ஆர்னியின் பெயர் இல்லை. கேட்டேன். "பழைய எழுத்துல அவர் பேர் கிடையாது, வில்மா. சட்டப் பிரிவு விடாது. படத்துல கையே வைக்கக் கூடாது."

சரி, படத்தில் கை வைக்க மாட்டேன்.

ஆனால் படம் முடிந்த பின்னால் ஒரு கறுப்பு அட்டை வருமே, சீரமைத்தவர்களின் பெயர் போட. எங்களுக்கு இருக்கும் ஒரே மரியாதை அது. என் பெயருக்கு ஒரு வரி. அது படம் இல்லை. அது என்னுடையது. நானே தட்டச்சு செய்வது.

நவம்பர் 12

ஆர்னி கூப்பிட்டார். மே மாதத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நேற்று இல்லத்தின் உணவுக்கூடத்தில் எல்லாருக்கும் படம் போட்டார்களாம். ஈ வந்ததும் நடனக்காரி சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று ஜெல்லியில் விழுந்ததாம். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

"படம் முடிஞ்சு எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. எனக்கு முட்டி பிடிச்சுக்கிச்சு, எந்திரிக்க முடியல. அவ கையைக் குடுத்துத் தூக்க வந்தா. அப்பத்தான் அந்தக் கறுப்பு அட்டை வந்துச்சு."

"வாசிச்சீங்களா?" என்றேன். 

"எனக்குத் தெரியல. கண்ணு இப்பச் சுத்தமா இல்ல. அவதான் வாசிச்சா. 'ஈயோடு நின்ற சிப்பாய்: ஆர்னி கப்லிட்ஸ்.' திருப்பிப் போடச் சொல்லித் திருப்பித் திருப்பி வாசிக்க வச்சேன்." மூக்கை உறிஞ்சினார். "உன் பேரையும் வாசின்னேன். இல்லைங்கிறா."

"இடம் பத்தல" என்றேன்.

"பொய் சொல்லாதே கழுதை." பிறகு, "ஈ பேரையும் போட்டிருக்கலாம். அதுவும் பேர் இல்லாமத்தான் நடிச்சுச்சு" என்றார்.

கோல்பிக்கு இன்னும் எதுவும் தெரியாது. படத்தை முடிவுவரை பார்த்தால்தானே.