கேப் பிரெட்டனுக்கு நான் ஓட்டிய கார்

ஞாயிறு, 1 ஓகஸ்ட் 2004

காலை மழை. பின்னேரம் விட்டது. நாளை கேப் பிரெட்டன் பயணம். செவ்வாய் வெளிக்கிட வேண்டாம் என்று மச்சாள். அதில் மட்டும் அவவும் நானும் ஒரே கட்சி.

மூட்டை: வறுத்த அரிசிமா, ரைஸ் குக்கர், மிளகாய்த்தூள் ஒரு போத்தல், தட்டை வடை 2 பை, விபூதி, தேசிக்காய் 4, இவருடைய இன்சுலின் (ஐஸ் பெட்டியில், என் பொறுப்பு), சீனி பார்க்கிற கருவி, குளுக்கோஸ் மா.

மச்சாள் இவருடைய அக்கா. ரொறன்ரோவில் இருந்து மொன்றியலுக்கு எங்களிடம் வந்து மூன்று கிழமை. தம்பிக்குச் சீனி இருப்பது தெரியும். சித்திரையில் நடந்தது தெரியாது. ஸ்டியரிங்கில் இருக்கும்போதே இவருக்குச் சீனி இறங்கி, மெத்ரோ வாசலில் கார் நடைபாதையில் ஏறி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை, முருகன் காத்தார். இனிக் கார் ஓட்டக்கூடாது, பட்டினி கிடக்கக்கூடாது என்று டொக்டர். அக்காவுக்குச் சொல்லக்கூடாது என்று இவர். என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார்.

ஆகவே மச்சாளின் கணக்கில், லைசென்ஸ் எடுத்த திமிரில் நான் புருஷனைக் கார் ஓடவிடாமல் வைத்திருக்கிறேன். நினைக்கட்டும். லைசென்ஸ் சோதனைக்குப் பிரெஞ்சுப் புத்தகம், பக்கத்தில் அகராதி, குசினி மேசை, ஏழு மாதம். இவர் விழுவதற்கு முன்பே தொடங்கிய படிப்பு. இரண்டாம் தரம் பாஸ். திமிர் என்றால் அதற்கு நான் பாடுபட்டிருக்கிறேன்.

திங்கள், 2

5.50 வெளிக்கிட்டது. நாலு சில்லுக்கும் தேசிக்காய். மச்சாள் குனிந்து பார்த்தா.

"தம்பி, நீயல்லோ ஏறி நசிக்கவேணும். வீட்டு ஆம்பிளை."

"அவ ஓடட்டும் அக்கா. எனக்கு நாரி நோகுது."

இடுப்பு வலிப் பொய் நல்ல பொய். எத்தனை நாளைக்கு வரும்?

மொன்றியல் – எட்மன்ஸ்டன் 552 கி.மீ. மணிக்கு 95க்கு மேல் போகவில்லை. லொறி முந்தும் ஒவ்வொரு முறையும் பின்சீற்றில் "முருகா!". மொத்தம் 31 முருகா. எண்ணியது நான்.

"உப்பிடி ஊர்ந்தால் அடுத்த ஆடிக்குத்தான் போய்ச் சேருவம்" என்றா. சற்று வேகம் கூட்டினேன். "ஐயோ, கொல்லப்போறாள்!"

மோட்டலில் சம்பலுக்குக் கடுகு தாளித்து நெருப்பு அலாரம் அடித்தது. மனேஜர் ஓடி வந்தான். மன்னிப்புக் கேட்டேன், பிரெஞ்சில். சம்பலை மணந்து பார்த்துவிட்டு ஒரு கரண்டி கேட்டான். கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தும் நல்லது நல்லது என்றான். பொய்யன், ஆனால் மரியாதையான பொய்யன்.

இரவு சீனி 7.4. பரவாயில்லை.

புதன், 4

நேற்று மொங்க்ரன் வரை ஓட்டம். எழுதவில்லை, தோள் வலி.

இன்று கேப் பிரெட்டன் தீவுக்குள் வந்தோம். கடலை நிரப்பிப் போட்ட பாதை, இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நாங்கள். மழைத் தூறல். பச்சை மலை, கீழே வெள்ளை வீடுகள், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் கூப்பிட்டாலும் கேட்காத தூரம். செம்மறி ஆடுகள். இவ்வளவு வெறுமையை நான் கண்டதில்லை. பயமும் இல்லை. ஏன் பயமில்லை என்று யோசித்தேன். கையில் ஸ்டியரிங் இருந்தபடியால்.

செட்டிகாம்ப் என்ற ஊர். பிரெஞ்சுக்காரர், மீன்பிடி. என் பிரெஞ்சு இங்கே மொன்றியலைவிட நன்றாகச் செல்லுபடியாகிறது.

பெற்றோல் போட்ட இடத்தில் இவர் மெதுவாக: "இஞ்சை றோட்டிலை ஒருத்தரும் இல்லை. ஒரு பத்து மைல் தாருமன்."

"இல்லை."

"அக்கா என்னைப் பாக்கிற பார்வை உமக்கு விளங்கேல்லை."

விளங்குகிறது. அந்தப் பார்வையில் எனக்கும் பாதி விழுகிறது. சாவி கொடுக்கவில்லை.

வெள்ளி, 6

ஆடி வெள்ளி. வெயில். இன்றையதை ஒழுங்காக எழுதவேண்டும்.

நான் விரதம். முப்பது வருஷமாக வெள்ளி தவறியதில்லை. இவருக்குக் காலையில் ஊசி போட்டு, புட்டும் பருப்பும் தட்டில் கொடுத்தேன். கடலைப் பார்த்துச் சாப்பிடுகிறேன் என்று வெளியே கொண்டுபோனார். வெறும் தட்டு திரும்பி வந்தது.

10.15க்குச் செட்டிகாம்ப் அறையைக் கொடுத்துவிட்டோம். மலைப்பாதை ஊர் எல்லையிலேயே தொடங்குகிறது. மச்சாள்: "பத்தரைக்கு ராகுகாலம். பன்னிரண்டு மட்டும் உதிலை நிப்பாட்டு. ராகுகாலத்திலை மலை ஏறக்கூடாது." அதுவும் சரிதான் என்று பட்டது. துறைமுகத்தடியில் நிறுத்தினேன். காத்திருந்த நேரம் இவர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, என் பிழை. அதையும் எழுதிவைக்கிறேன்.

11.25. இவர் கேட்டார்: "பஸ் வந்திட்டுதோ?"

எந்த பஸ்? திரும்பினேன். கழுத்தெல்லாம் வியர்வை, தொட்டால் குளிர். கண் என்னைப் பார்க்கவில்லை. கருவி: 2.4. நாலுக்குக் கீழே இறங்கக்கூடாது.

குளுக்கோஸ் கரைத்தேன். மச்சாள் என் கையைப் பிடித்தா.

"என்ன செய்யிறாய்? அவன் இண்டைக்கு விரதம்!"

"என்ன விரதம்?"

"மலைப் பயணம் நல்லா முடியவேணும் எண்டு என்னோடை சேந்து பிடிக்கிறான். உனக்குச் சொல்லவேண்டாம் எண்டவன். வெறும் தண்ணியைக் குடு, மத்தியானம் பூசை முடிய..."

அப்போதுதான் விளங்கியது. புட்டைக் கடற்பறவைகள் தின்றிருக்கின்றன.

"மச்சாள், கையை எடுங்கோ. ஊசி போட்டுட்டு பட்டினி கிடந்தால் இவர் செத்துப்போவார். சித்திரையிலை ஸ்டியரிங்கிலை விழுந்தவர். காரே ஓடக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவர். நாரி நோ எண்டதெல்லாம் பொய்."

சத்தியம் முறிந்தது. பாவம் என் பேரில் எழுதப்படட்டும், நான் கட்டிக்கொள்வேன்.

மச்சாள் கையை எடுத்தா. வாயில் ஊற்ற ஊற்ற வழிந்தது. பக்கத்தில் வலை காயவைத்த கிழவர் வந்து "சா வா, மதாம்?" என்று நலம் கேட்டார். "நோன், ஜூ, வித்!" என்றேன், இல்லை, சாறு, கெதியாக என்று. தன் லொறியில் இருந்து தோடம்பழச் சாறு கொண்டு வந்து, இவர் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்தார். மீன் நாற்றம் பிடித்த சட்டை. முருகன் அந்தச் சட்டையில் வந்தார் என்றே எழுதுகிறேன்.

11.50 – 4.1. 12.20 – 5.8. இவர் முழித்து முதலில் கேட்டது: "அக்காவுக்குச் சொல்லிப்போட்டீரோ?"

"ஓம்."

முகத்தை மறுபக்கம் திருப்பினார்.

மச்சாள் அழுதுகொண்டு: "விசரா, என்னட்டை மறைக்க நான் ஆரடா?" பிறகு என்னிடம், "திரும்பிப் போவம். மொன்றியலிலையிருந்து ஆரும் ஆம்பிளையளைக் கூப்பிடுவம்."

"ஒருத்தரும் வரவேண்டாம். நான் இருக்கிறன்."

வடையை உடைத்து இவர் வாயில் வைத்தேன். அவர் மென்று விழுங்கும்வரை பார்த்தேன். பிறகு மிச்சத்தை நான் சாப்பிட்டேன். மச்சாள் பார்க்கத்தான் சாப்பிட்டேன். மலையில் நிற்கிற சாமி பட்டினி கிடந்தவனை மட்டும்தான் ஏறவிடுவார் என்றால், அவரோடு நேரே கதைக்க எனக்கு நிறைய இருக்கிறது.

இரண்டு மணி வரை இவரைப் படுக்க வைத்தேன். 6.9. பிறகு ஏறினேன். கிழவர் கை காட்டினார்.

பாதை செங்குத்து. ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் ஒன்றுமில்லை, கீழே கடல். பின்சீற்றில் ஒரு முருகாவும் இல்லை. உச்சியில் நிறுத்தி இறங்கினேன். காற்று சேலையை இழுத்தது. 

இரவுத் தங்கல் இங்கோனிஷ், 6.10க்கு. 110 கி.மீ. 

சனி, 7

மூடுபனி. 8க்கு விட்டது. சீனி 6.6. இரண்டு முட்டை, பாண், நான் முன்னால் நின்று பார்க்கச் சாப்பிட்டார்.

பெட்டிகளை ஏற்றியதும் இவர் தன் அக்காவுக்கு முன்னால் என்னிடம் கையை நீட்டினார். "சாவியைத் தாரும். இந்த வளவுக்குள்ளை திருப்பி மட்டும் விடுறன்."

"ஒரு அடியும் இல்லை."

"எனக்கு ஒரு மதிப்பும் இல்லையோ?"

"உயிரோடை இருங்கோ. மதிப்பைப் பேந்து பாப்பம்."

கதவை அடித்துச் சாத்திக்கொண்டு பக்கத்தில் ஏறினார். மச்சாள் பின்னால் ஏறினா. பையில் இருந்து பிஸ்கற் பெட்டியை எடுத்துத் தம்பியின் மடியில் வைத்தா.

ஸ்மோக்கி மலை.  இறக்கம் தொடங்கியது, பாம்பு மாதிரி வளைவு, கடல் ஒருதரம் இடப்பக்கம், ஒருதரம் வலப்பக்கம். பிரேக் மணம். இவர் முன்னால் பார்த்தபடியே:

"கீழ்க் கியருக்கு மாத்தும். பிரேக்கை மிதிச்சுக்கொண்டே வராதையும், சூடாகிப்போம்."

மாற்றினேன். கார் அடங்கியது.

இவர் வரைபடத்தை மடியில் விரித்து விரலை வைத்தார்.

"இன்னும் நாலு வளைவு. வாறது இடப்பக்கம்."