மறுதரம் கேட்காத ஊர்

சேசு மரி சூசை துணை

உப்பளம், புதுச்சேரி
1959 பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் பிரகாசத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை ரோசலியும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் கேட்கப்போவதில்லை, நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. உறையின் மேல் சங்கைக்குரிய ஞானப்பிரகாசநாதர் சுவாமி என்று அப்பா தன் அழகான கையெழுத்தில் எழுதியிருப்பார். உனக்குக் குருப்பட்டம் கொடுத்த நாளிலிருந்து நானும் உன்னைச் சாமி என்றும் நீங்கள் என்றும்தான் எழுதி வருகிறேன், பெற்ற பிள்ளை முன்னால் முழந்தாளிட்டு ஆசீர்வாதமும் வாங்கியிருக்கிறேன். இந்தக் கடிதம் அப்படி இல்லை. சாமியாரைத் திட்டினால் பாவம், பிள்ளையைத் திட்டினால் பாவமில்லை, அதனால் இன்று நீ எனக்குப் பிள்ளை மட்டும்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் மெதுவா எழுது மதலேன், பேனா முனை ஒடிஞ்சிடும் என்கிறார். ஒடிந்தால் ஒடியட்டும்.

தை மாதக் கடைசியில் வந்த உன் கடிதத்தைப் படித்தபோது இந்த வீட்டில் நடந்ததை முதலில் கேள். பிரான்சில் படிக்கும் படிப்பை இத்தோடு விட்டுவிடப் போகிறேன், பாஸ்குத் திருநாள் கழிந்ததும் என்னை அனுப்பிய மேற்றிராணியாருக்கு எழுதிவிட்டு ஜூன் மாதம் ரோசலி கல்யாணத்துக்கு வந்து நானே தாலி மந்திரித்து வைக்கிறேன் என்று எழுதியிருந்தாய். ரோசலி தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அப்பா காரைக்கால் சம்பந்தி சவரிராயனுக்கு அன்றைக்கே எழுதிப் போட்டார், மாப்பிள்ளை வீட்டார் முதலிலிருந்தே பெண்ணின் அண்ணன் சாமியார்தான் மந்திரிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் ஆயிற்றே. நானும்தான் குதித்தேன், பொய் சொல்வானேன், நாலு வருஷம் கழித்துப் பிள்ளையைப் பார்க்கப் போகிறோம் என்று அடுப்பில் பாலை வைத்ததையே மறந்துவிட்டேன். படிப்பு வீண் பெருமை, ஆத்துமங்களை மேய்ப்பதுதான் குருவின் வேலை என்று நீ எழுதியிருந்ததைக்கூட, என் பிள்ளைக்கு எவ்வளவு பக்தி பார் என்று அப்பாவிடம் இரண்டு தரம் படித்துக் காட்டினேன். அதெல்லாம் பக்தி இல்லை, களைத்துப் போனவன் எழுதிய எழுத்து என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் பஞ்சநாதன் வந்தான். அடுத்த வீட்டுக் கண்ணகியம்மாள் மகன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறவன், லீவில் வரும் வழியில் உன்னைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தானே அவன்தான். போன தடவை நான் அவனிடம் கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயை லியோனில் உன் கையிலேயே சேர்த்ததாகவும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உன்னோடு இருந்ததாகவும் சொன்னான். சாமி எப்படி இருக்குது என்று கேட்டேன், நல்லா இருக்குது அத்தே என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். விடுவேனா. கண்ணகியம்மாளையும் கூட்டிவந்து உட்காரவைத்து, காப்பியைக் கையில் கொடுத்துக் கேட்கிற விதத்தில் கேட்டேன். நான் சொன்னேன்னு சாமிகிட்ட சொல்லிடாதீங்க அத்தே, என்னெத் தப்பா நெனச்சிக்கும் என்று கெஞ்சிவிட்டுத்தான் ஆரம்பித்தான். இதோ சொல்லிவிட்டேன், அவனை ஒன்றும் சொல்லாதே.

காலையில் இரண்டு பூசை, இரண்டுக்கும் நீதான் பிரசங்கம், பிறகு ஒரு ஞானஸ்நானம், பிறகு அந்தக் குளிரில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் ஒரு நோயாளிக்குத் தேவநன்மை கொடுத்தது, இவ்வளவும் முடித்துவிட்டு நீ சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாயாம். நீ தங்கியிருக்கும் பங்கின் குரே சாமியார் வீட்டுச் சமையல்கார அம்மாள் பாத்திரத்தைக் கொண்டுவந்து இன்னும் வேண்டுமா என்று கேட்டாளாம், நீ கையைக் காட்டி நோன் மெர்சி, வேண்டாம் என்றாயாம், அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாளாம். பட்டாளத்தான் ஆனதால் பஞ்சநாதன் வேண்டும் என்று கேட்டு வாங்கித் தின்றிருக்கிறான். நீ உன் அறைக்குப் போய், காய்ந்த ரொட்டியை என் ஊறுகாயில் தொட்டுத் தின்றிருக்கிறாய். ஏன் சாமி இப்படி என்று அவன் கேட்டதற்கு நீ சொன்ன பதிலை அவன் சொன்னபோது கண்ணகியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு வருஷமா இப்படித்தான் பஞ்சநாதா, ரெண்டாந்தரம் கேப்பாங்கன்னு பாக்கறேன், கேக்க மாட்டேங்கறாங்க என்றாயாமே. அடப்பாவி, இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு கவளம் சரியாக இறங்கவில்லை. நம் வீட்டில் போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி என்று அர்த்தம், வேண்டாம் என்றால் இரண்டு கரண்டி, இலையை மறைத்துக் குனிந்துகொண்டால்தான் நிஜமாகவே போதும். கரண்டி பிடிக்கிறவளுக்கு அது தெரியும், இலைக்கு முன்னால் இருக்கிறவனுக்கும் தெரியும். இதைக் கப்பலேற்றி லியோனுக்குக் கொண்டுபோ என்று யார் உனக்குச் சொன்னது? ஒரு மாதம் ஏமாறலாம், ஆறு மாதம் ஏமாறலாம், வேதசாஸ்திரம் எல்லாம் லத்தீனில் படித்த தலைக்கு நாலு வருஷமா வேண்டும் இது ஏற?

சாப்பாடாவது போகட்டும், பசித்தால் நாளைக்குச் சரியாகிவிடும். அதே மேசையில் குரே சாமியார் உன்னைப் பார்த்து, வியாழக்கிழமை ஓர் அடக்கம் இருக்கிறது, அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், நீ பார்த்துக்கொள்வாயா என்று கேட்டாராம். வியாழக்கிழமை உன் பேராசிரியரிடம் எழுதியதைக் காட்ட வேண்டிய நாள் என்று காலையில்தான் நீ பஞ்சநாதனிடம் சொல்லியிருக்கிறாய். ஆனாலும் தாராளமாகச் செய்கிறேன் என்று தலையாட்டினாயாம். பிறகு அவனிடம் என்ன விளக்கம்? பெரியவங்க கேட்டா எடுத்த எடுப்புல இல்லேன்னு எப்படிச் சொல்றது, நாம சரின்னு சொல்லணும், வேணாம்பா உனக்குப் படிப்பு இருக்குதேன்னு அவங்களா விட்டுக்குடுக்கணும், அதானே மொற என்றாயாம். முறைதான், யார் இல்லை என்றது. நம் பங்குச் சாமியாரிடம் அப்படித்தான் சொல்வோம், அவரும் அப்படித்தான் விட்டுக்கொடுப்பார். அந்த வெள்ளைக்காரர் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார், நீ வியாழக்கிழமையைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்தாய். இப்படி எத்தனை வியாழக்கிழமை போயிற்று என்று உனக்கே தெரியாது.

இதைக் கேட்டதும் முதலில் எனக்கு அந்தக் குரே சாமியார் மேல்தான் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அடுத்தவள் பெற்ற பிள்ளை என்றால் செக்கில் கட்டலாமா, அவர் ஊரில் சாமியாரே கிடையாதா, நம் ஊரிலிருந்து படிக்க அனுப்பிய பிள்ளைதானா கிடைத்தான் என்று கத்தினேன். சாமியாரப் பத்தி அப்படிப் பேசாதே மதலேன், நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லவேண்டி வரும் என்று அப்பா பயந்தார், சொல்லிக்கொள்கிறேன் போங்கள் என்றேன். ஆனால் பஞ்சநாதன் இன்னொன்றும் சொன்னான், அதைக் கேட்ட பிறகு என் கோபம் அவரை விட்டுவிட்டு உன் மேல் திரும்பிவிட்டது. வழியனுப்ப வந்த குரே சாமியார் இவனிடம், உங்கள் சாமி இரும்பு மனிதர், களைப்பே தெரியாது, படிப்புக்கு இடைஞ்சலா என்று நானே கேட்டேன், இல்லவே இல்லை, எனக்கு இதெல்லாம் சந்தோஷம் என்று சொல்லிவிட்டார் என்றாராம். அந்த மனிதர் கேட்டிருக்கிறார், பிரகாசம். ஒரு தரம் கேட்டார், அவர் ஊரில் ஒரு தரம்தான் கேட்பார்கள். நீ வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, அவர் உன் முகத்தைப் பார்த்து உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று காத்திருக்கிறாய். முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவர் என்ன உன்னைப் பெற்றவரா?

இப்போது படிப்பைத் தூக்கிப் போடுகிறேன் என்கிறாய். அது உன்னுடையதாக மட்டும் இருந்தால் போட்டுக்கொள் என்பேன். இன்று காலை குருசுக்குப்பத்து ஆயம்மா மீன் கொண்டுவந்தாள். தபசுகால வெள்ளிக்கிழமை, யார் வீட்டிலும் கறி இல்லை, கூடை வந்த வேகத்தில் காலியாகும் நாள், ஆனாலும் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றாள். இன்னாம்மா, சாமி எம்பாட்டப் பொஸ்தகத்துல ஏத்திட்சா இல்லியா என்று கேட்டாள், வாரம் தவறாமல் கேட்கிறாள். நீ கப்பலேறுவதற்கு முந்தின தபசுகாலத்தில் அவளும் அவள் அக்கா வீராயியும் வியாபாரத்தைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, சேசுநாதர் பாடுபட்டதையும் தேவமாதா புலம்பியதையும் கடலோரத்துப் பெண்கள் பாடுகிற பாட்டாகப் பாடப் பாட நீ எழுதிக்கொண்டாயே, அது மறந்துபோயிற்றா? படித்தவர்கள் இதையெல்லாம் பிலாக்கணம் என்று ஒதுக்குகிறார்கள், இதிலே எவ்வளவு வேதம் இருக்கிறது என்று நான் பெரிய சர்வகலாசாலையில் எழுதிக் காட்டுகிறேன் என்று அவர்களிடம் யார் சொன்னது, நானா? வீராயி போன ஐப்பசியில் செத்துப்போனாள், உனக்கு எழுதினேன். அக்கா பாடுன பாதி எனுக்கு வராதும்மா, சாமிகிட்டதான் கீது என்று ஆயம்மா சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். சாமி அதை விட்டுவிட்டு அடக்கத்துக்கு மணியடிக்கப் போயிருக்கிறது என்று அவளிடம் நான் எப்படிச் சொல்ல? நாளைக்கு வீட்டு வாசலில் அவள் குரல் கேட்டாலே எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஆகையால் மேற்றிராணியாருக்கு நீ எழுத நினைத்திருக்கும் கடிதத்தை எழுதாதே. எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. சாப்பாட்டு மேசையில் அந்த அம்மாள் கேட்டவுடனே ஊய், வேண்டும் என்று சொல்லிப் பழகு, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, கேட்டு வாங்கித் தின்ற பஞ்சநாதனை யாரும் அங்கே கேலி செய்யவில்லை. குரே சாமியாரிடம் போய் நின்றுகொண்டே பேசு, உட்கார்ந்தால் நீ தலையாட்ட ஆரம்பித்துவிடுவாய். வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் என் படிப்புக்கு, ஜூன் மாதம் வரைக்கும் அந்த நாட்களில் என்னால் வேறு ஒன்றும் முடியாது, மற்ற நாட்களில் நீங்கள் சொன்னதைச் செய்கிறேன் என்று சொல். அதோடு நிறுத்திக்கொள். மன்னியுங்கள் சாமி, கோபித்துக்கொள்ளாதீர்கள் சாமி என்று வாலைப் பிடித்துக்கொண்டு ஓடாதே. பூசை வைப்பதையும் நோயாளியைப் பார்ப்பதையும் விடு என்று நான் சொல்லமாட்டேன், அதற்குத்தான் உன்னைச் சர்வேசுரனுக்குக் கொடுத்தோம். குரே சாமியாரிடம் சொல்லத் தைரியம் இல்லாததை எல்லாம் பக்தி என்று பெயர் வைத்து எனக்கு எழுதாதே என்றுதான் சொல்கிறேன். குளிருக்கு இரண்டு காலுறை போட்டுக்கொள், பஞ்சநாதன் உன் குதிகால் வெடிப்பைக்கூடப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

கல்யாண விஷயம். உன் பேராசிரியரிடம் ஜூனில் எல்லாவற்றையும் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தாய். அதே ஜூனில் இங்கே வந்து மந்திரிக்கிறேன் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கும் சரி சொல்லியிருக்கிறாய். குரே சாமியாருக்குச் சரி, பேராசிரியருக்குச் சரி, சம்பந்திக்குச் சரி, எல்லாருக்கும் சரி சொல்ல நீ என்ன மூன்று ஆளா? ரோசலியிடம் பக்குவமாகச் சொன்னேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டால் வராமல் இருந்தாள். பிறகு அவளாகவே வந்து, அண்ணன் வரேன்னு எழுதினப்பவே எனக்குச் சந்தேகம்தாம்மா, அது யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லும் என்றாள். பார், சின்னப் பெண்ணுக்குத் தெரிகிறது. காரைக்காலாரை நான் பார்த்துக்கொள்கிறேன், நம் பங்குச் சாமியார் மந்திரித்தால் தாலி ஏறாதா என்ன. அப்பா மட்டும் உனக்காக வெள்ளையடித்து வைத்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், காவல் சம்மனசானவர் உன் தட்டில் சோறும் உன் நாக்கில் தெளிவும் வைக்கட்டும். சிலுவைப்பாதைக்கு மணி அடிக்கப் போகிறது, போகிற வழியில் தபாலில் சேர்த்துவிடுகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே, இதற்குப் பதில் எழுத வேண்டும். நான் கேட்கிறேன் பிரகாசம், ஜூன் மாதம் தங்கை கல்யாணத்துக்கு வருவாயா? நீ வந்து என் கண்ணெதிரில் நிற்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும், அதைத் தெரிந்துகொண்டே வரமுடியாது அம்மா என்று எழுது. காரணம் எழுதாதே, மன்னிப்புக் கேட்காதே. என்னிடமே சொல்லிவிட்டால் அந்தக் குரே சாமியார் உனக்கு எம்மாத்திரம். படித்துவிட்டு நான் அழுவேன், அது என் பாடு. மறுதரம் கேட்கமாட்டேன்.

உன்னைப் பெற்ற அம்மா,
மதலேனம்மாள்