ஒரு தரம் கூப்பிட்ட குரல்

எல்கடுவ,
ஆடி 12.

அன்புள்ள மகன் திவாகரனுக்கு அம்மா எழுதுவது. முத்துமாரி புண்ணியத்தில் என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் பிரதீபாவும் சின்னவளும் அதேபோல இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் இதற்கு ஒரு கடிதமா என்று கேட்பாய். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறவர்கள், இதை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று வாரமாக ஏனம்மா ஊமையாகிவிட்டாய் என்று கேட்டாயே, அதற்குப் பதில் இதில் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து படி.

முத்துவீரன் மாஸ்டர் மாரடைப்பில் போய்விட்டார் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னேன். அது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. உனக்கு விஞ்ஞானம் படிப்பித்த மனிதர், பேய் மாஸ்டர் என்று நீங்கள்தானே பட்டம் வைத்தீர்கள். எந்தத் தோட்டத்து லயத்தில் காத்துக் கருப்பு என்று கேள்விப்பட்டாலும் குடையையும் குறிப்பெழுதுகிற கொப்பியையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ரிவர்ஸ்டன் மலையில் பெண்பிள்ளை அழுகிறாள் என்று ஊரே பயந்தபோது மூன்று நாள் அங்கே போய்க் கிடந்து, அங்கிருக்கிற டவர் கம்பியில் காற்று அடிக்கிற சத்தம் என்று கண்டுபிடித்து, சளியோடு வந்து சேர்ந்தார். ஆனால் பயந்த ஒருவரையும் பார்த்து அவர் சிரித்ததில்லை. “கேட்டது நெசம் டீச்சர், என்ன கேட்டுச்சுங்கிறதுதான் கேள்வி” என்பார். புது டீச்சராக நான் இங்கே வந்த நாளிலிருந்து, ஆட்களிடம் எப்படி விசாரிக்க வேண்டும், எதை எழுத வேண்டும், எதை நம் சொந்தக் கற்பனை என்று தள்ள வேண்டும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். உன் அப்பா போன பிறகு நான் மூலையில் முடங்கிவிடாமல், எழுத ஆள் வேண்டும் என்று கூப்பிட்டுக் கொப்பியைக் கையில் கொடுத்தவரும் அவர்தான்.

பொழுது சாய்ந்து வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் பதில் சொல்ல வேண்டும், ஒரு தரத்தோடு நின்றால் அது காத்து, ஏனென்று கேட்டால் ஆளைக் கொண்டுபோய்விடும் என்று உனக்கும் நான்தான் சொல்லி வளர்த்தேன். இதையும் மாஸ்டர் விடவில்லை. போன வருஷம் லயத்துக்குப் பின்னால் நின்று, நாற்பது பேரை ஆளுக்கு ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தார், நான்தான் எழுதினேன். பதில் சொன்னது மூன்று பேர், அதில் இரண்டு பேர் சின்னப் பிள்ளைகள், மூன்றாவது ஆள் நல்ல சாராய வெறியில் இருந்தார். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மறுநாள் எல்லாரிடமும் உண்மையைச் சொன்னபோது அதிகம் சிரித்தவள் நான். நானென்றால் முதல் தரத்திலேயே ஓடி வந்திருப்பேன் என்று பெரிதாகப் பேசினேன்.

அவர் போன நாள் செவ்வாய்க்கிழமை, பேய்க்காற்று. நம் வீடுகளுக்கு மேலே ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியிலிருந்து வருகிற ஹோஸ் குழாயில் சருகு அடைத்துத் தண்ணீர் நின்றுவிட்டது, மாஸ்டர் அதைப் பார்க்க மேலே போயிருந்தார், எனக்கு அது தெரியாது. ஆறரை இருக்கும், விளக்கேற்ற நெருப்புக் குச்சியை உரசினேன். டீச்சர் என்று ஒரு குரல் வந்தது. மாஸ்டரின் குரல்தான், எனக்குத் தெரியாதா. குச்சி விரலைச் சுடும்வரை அடுத்த தரத்துக்காக நின்றேன். வரவில்லை. ஜன்னலைச் சாத்தினேன், நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டேன். ஆமாம் மகன், நான்தான், அவரோடு இத்தனை வருஷம் கொப்பி எழுதியவள்.

ஏழரைக்கு மாஸ்டர் வீட்டிலிருந்து அழகாயி அக்கா வந்து, பீலிக்குப் போன வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை, இங்கே இருக்கிறாரா என்று கேட்டார். லயத்து ஆட்கள் டோர்ச் அடித்துக்கொண்டு போய், பீலிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். மூச்சு இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் சோதிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன் என எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். பயத்தில்தான் நின்றேன்.

கருமாதி முடிகிறவரை வாயைத் திறக்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் போன பிறகு அக்காவிடம் போய், என்னை அடித்தாலும் பரவாயில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அழவில்லை, திட்டவில்லை. இதைத்தான் சொன்னார்: “எனக்கும் கேட்டுச்சு டீச்சர். அழகாயின்னு ஒரே ஒரு தரம். நானும் அடுத்ததுக்குத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

இருந்த மூச்சில் அந்த மனிதர் இரண்டு பேரை ஆளுக்கு ஒரு தரம் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு வீட்டிலும் நாங்கள் வெளியே வராமல் நின்றிருக்கிறோம். ஏன் ஒருவரும் வரவில்லை என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த நினைப்புதான் எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்கிறது.

நேற்று அக்கா அவருடைய கடைசிக் கொப்பியைக் கொண்டுவந்து, நீங்களே எழுதிவிடுங்க, என் கை ஓடாது என்று என் முன்னால் வைத்தார். பெயர், நேரம், எத்தனை தரம், பதில் சொன்னாரா என்று மாஸ்டர் வழக்கம்போலக் கோடு போட்டு வைத்திருந்தார். அக்கா பெயரையும் என் பெயரையும் எழுதினேன், ஒரு தரம் என்று எழுதினேன், பதில் இல்லை என்று எழுதினேன். கடைசியில் கூப்பிட்டது யார் என்று ஒரு இடம். பக்கம் பக்கமாக அதில் ஆந்தை, காற்று, தெரியவில்லை என்றுதான் இருந்தது. நான் முத்துவீரன் மாஸ்டர் என்று இரண்டு தரம் எழுதினேன்.

அப்பாவின் திதி ஆவணியில் வருகிறது, மறந்துவிடாதே. சின்னவளுக்கு அந்த மூன்று தரக் கதையை நீ சொல்லிக் கொடுத்திருந்தால், பாட்டி சொன்னது தப்பாம் என்று சொல்லிவிடு. அம்மன் உங்கள் மூவரையும் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். இதைப் படித்ததும் அக்காவுக்கு ஒரு போன் கோல் எடு. என்னிடம் பேச மனம் வரும்போது பேசு.

உன் அம்மா.