நேராகப் போன வெளிச்சம்

ஆகஸ்ட் 11, 1987

எரிமலையின் புகை இன்று நேராக மேலே போகிறது. அப்படியானால் மூன்று நாளைக்கு வானம் தெளிவாக இருக்கும். நாட்டின் கிழக்குக் கோடியில், இந்தக் கம்சட்காவில், இதைவிட நம்பகமான வானிலை அறிக்கை கிடையாது.

கீழ்வீட்டுக் கப்பிட்டோலினா காளான் பொறுக்கக் கூப்பிட்டாள். எங்கள் உணவகத்தில் சமைப்பவள். போகவில்லை. வெள்ளிக்கிழமை சோதனை இருக்கிறது, கையும் கண்ணும் ஓய்ந்திருக்க வேண்டும்.

வேலையைப் பற்றி எழுதக் கூடாது. எங்கள் நிலையத்தில் யாரும் நாட்குறிப்பே வைத்திருக்கக் கூடாது. அதனால் இந்த நோட்டின் அட்டையில் ‘ஊறுகாய் வகைகள்’ என்று எழுதி, உருளைக்கிழங்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பதினேழு வருடமாக நான் செய்யும் ஒரே குற்றம் இதுதான்.

ஆகஸ்ட் 14

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்குக் கனவு என்று நினைத்துக்கொள்வேன்.

சாயங்காலம். மேற்கே இன்னும் ரோஜா நிறம் போகவில்லை. ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஏவியது, அரை மணி நேரத்தில் எங்கள் வானத்துக்கு வந்தது. சத்தமில்லாத ஒரு வெள்ளைப் புள்ளி. ஏவுகணையின் தலை எரிந்துகொண்டே இறங்கும்போது எப்போதும் அழகாகத்தான் இருக்கும், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் படம்பிடிக்கும் தொலைநோக்கியின் கைப்பிடியை அட்டவணைப்படி சுற்றினேன். எந்த நொடியில் எந்தக் கோணம் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தந்திருப்பார்கள். மேலேயிருந்து விழுகிற பொருள் விழுகிற வழியில்தான் விழும்.

இருபதாவது நொடியில் அது இடது பக்கம் திரும்பியது.

காற்றில் அடித்துக்கொண்டு போகவில்லை. தெருமுனையில் ஒரு ஆள் திரும்புவது மாதிரி, தெரிந்தே திரும்பியது. பிறகு மெதுவாகத் தன் வழிக்கே வந்து சேர்ந்தது. அதற்குள் என் கை பழக்கதோஷத்தில் நேராகவே போய்விட்டது. படச்சுருளில் வெறும் வானம்தான் இருக்கும்.

பதிவேட்டில் அட்டவணையிலிருந்த கோணங்களையே எழுதிவிட்டேன். ‘நேர்ப்பாதை. விலகல் இல்லை.’ கையெழுத்து.

ஏன் அப்படிச் செய்தேன்? வெளிச்சம் வளைந்தது என்று நாற்பத்தேழு வயதுப் பெண் எழுதினால், வெளிச்சத்தையா சோதிப்பார்கள்? கண்ணைத்தான் சோதிப்பார்கள்.

ஆகஸ்ட் 15

தூங்கவில்லை.

ஆகஸ்ட் 18

ஒரு கண்ணை மூடிக்கொண்டு கொதிகலன் கூடத்தின் ஜன்னல்களை எண்ணினேன். பதினான்கு. மறு கண்ணால் எண்ணினாலும் பதினான்கு. நேற்றும் பதினான்கு. ஆனால் ஜன்னல் நகராதே. நகர்கிற பொருளைக் கண் எப்படிப் பார்க்கிறது என்று ஜன்னலை வைத்து எப்படித் தெரிந்துகொள்வது?

கண் போனால் கருவி போய்விடும். கருவி போனால் என்னை இந்தக் கோடியை விட்டுப் பெருநிலத்துக்கு அனுப்பிவிடுவார்கள், ஏதாவது ஒரு தொழிற்சாலை வாசலில் அனுமதிச் சீட்டு பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கு அந்தக் கைப்பிடியின் குளிர் வேண்டும், அந்த முப்பது நொடி வேண்டும். வேறு என்ன இருக்கிறது எனக்கு?

ஆகஸ்ட் 24

விசாரணைக் குழு வந்திருக்கிறது. அதில் இராணுவ உடை போடாத ஒரே ஆள் ரொதியோன் ல்வோவிச், வடிவமைப்பாளர். ஒல்லியானவர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். நான்கு கண்காணிப்பு நிலையங்களிலிருந்தும் எங்களைத் தனித்தனியாக அழைத்துக் கேட்டார்கள். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“வழக்கமா இல்லாதது ஏதாவது பார்த்தீங்களா, தைசியா இவானொவ்னா?”

என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. நானும் சொல்லவில்லை. “இல்லைங்க,” என்றேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டியது.

ஆகஸ்ட் 25

மதியம் உணவகத்தில் பக்கத்து மேஜையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மீன் சூப்பைத் தொடவில்லை. முள்கரண்டியால் மேஜைத் துணியில் ஏதோ கீறிக்கொண்டே இருந்தார். நேராக ஒரு கோடு, இடது பக்கம் ஒரு வளைவு, மறுபடி நேர். திரும்பத் திரும்ப அதையே.

கையிலிருந்த தேநீர் மேஜையில் கொட்டிவிட்டது.

“துணியக் கிழிச்சுடாதீங்க ஐயா, எண்ணிக் கொடுத்திருக்காங்க,” என்று கப்பிட்டோலினா அவரை அதட்டினாள். பிறகு என்னிடம் வந்து கிசுகிசுத்தாள். அவருடைய பதினோரு வருட வேலையாம், யாரும் எதையும் பார்க்கவில்லையென்றால் இழுத்து மூடப்போகிறார்களாம். நெருப்புக்குள் இருக்கும்போது அந்த ஏவுகணைத் தலையின் ரேடியோ பேசாது. பதிவுப் பெட்டி சதுப்பில் புதைந்துவிட்டது. படச்சுருளில் வெறும் வானம், அது எதற்கும் சாட்சியில்லை. மிச்சம் எங்கள் கண்கள்தான்.

ஆக, திரும்ப வேண்டும் என்றே அதைச் செய்திருக்கிறார்கள். எதிரியின் தடுப்பு ஏவுகணை கணக்குப் போட்டு நேர்வழியில் காத்திருக்கும், இது அங்கே இருக்காது. என் கையும் அங்கேதானே காத்திருந்தது.

என் கண்ணில் குறையில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அழுதேன், சந்தோஷத்தில்.

ஆகஸ்ட் 26

சந்தோஷம் ஒரு நாள்தான் நின்றது. பொய்ப் பதிவு என்றால் கண் கெட்டதைவிட மோசம், வேலையோடு போகாது.

இன்னொன்றும் இருக்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பொருள் இத்தோடு செத்துப்போகும். யாராலும் தடுக்க முடியாத ஒன்று உலகத்தில் குறையும். அது நல்லதுதானே? எங்கோ ஒரு ஊரில், என்னை மாதிரியே ஒருத்தி ஜன்னலை எண்ணிக்கொண்டிருப்பாள். அவளுக்கு நல்லதுதானே?

ஆகஸ்ட் 27

சொல்லிவிட்டேன்.

நிலையத் தலைவர் உஸ்தின் கார்ப்பொவிச் முன்னால் நின்று, இருபதாவது நொடி, இடது பக்கம், நான்கு டிகிரி இருக்கும் என்றேன். நாட்குறிப்பைப் பற்றிச் சொல்லவில்லை, அவ்வளவு நல்லவள் இல்லை நான். அவர் மற்ற மூன்று நிலையங்களுக்கும் தொலைபேசியில் பேசினார். சாயங்காலத்துக்குள் அங்கே தொலைநோக்கி பிடித்த மூவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நான்கு பேரும் பார்த்திருக்கிறோம். நான்கு பேரும் அவரவர் கண்ணைச் சந்தேகப்பட்டு நேர்ப்பாதை என்று எழுதியிருக்கிறோம்.

ரொதியோன் ல்வோவிச் சுவரில் சாய்ந்து சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “எதிரிய ஏமாத்தத்தான் செஞ்சோம். மொதல்ல நம்ம ஆளுங்கதான் ஏமாந்தாங்க,” என்றார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

உலகத்தைப் பற்றி யோசித்துவிட்டுத்தான் போனேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. உன் கண் நல்ல கண் என்று யாராவது ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது, அதற்காகத்தான் போனேன்.

செப்டம்பர் 3

நால்வருக்கும் கண்டிப்பு, ஒரு மாதப் படி வெட்டு. கருவி என்னிடமே இருக்கிறது. ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள்: அந்த வெளிச்சம் திரும்பியதாக நான் யாரிடமும், எப்போதும் சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 6

இரண்டாவது சோதனை. இந்த முறை அட்டவணை தரவில்லை, கண் போகும் வழியில் கை போகட்டும் என்றார்கள். திரும்பியது. கூடவே திரும்பினேன். சுருளில் எல்லா நொடியும் இருக்கிறது. அது போன அழகை எழுத மாட்டேன்.

அக்டோபர் 7

காலையில் கப்பிட்டோலினா கதவைத் தட்டினாள். நேற்று பால்கனியில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாளாம். முகம் வெளுத்திருந்தது.

“தைசியா, நீ அங்கதான இருந்த. அது வளைஞ்சு போச்சாடி?”

“இல்ல. எப்பவும்போல நேராத்தான் போச்சு.”

“நான் பார்த்தேனே.”

“கண்ணு அசந்திருக்கும்.”

அவளுடைய அம்மாவுக்கு ஐம்பதில் பார்வை போய்விட்டது. கப்பிட்டோலினாவுக்கு வருகிற வசந்தத்தில் ஐம்பது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அக்டோபர் 15

இராணுவ மருத்துவர் அவளுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார், மூன்று வேளை. தானே விட்டுக்கொள்ள வருவதில்லை என்று என்னைப் போடச் சொல்கிறாள். தலையை என் மடியில் வைத்து அண்ணாந்து படுக்கிறாள், நான் விடுகிறேன். “எரியுதுடி. ஆனா எரிஞ்சாத்தான் கேக்குமாம்,” என்றாள் இன்று.

செவ்வாய்க்கிழமை மறுபடி சோதனை. அன்று சாயங்காலம் பால்கனிக்கு வராதே, குளிர் காற்று கண்ணுக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறேன்.